அமைதியான இடம் கேட்டு ஜெபித்தேன்

இதை வாசிக்கிற சகோதர சகோதரிகள் எல்லாருக்கும் என் ஸ்தோத்திரம். என் பெயர் சுகந்தி. ஒரகடத்துக்குப் பக்கத்தில் குடியிருக்கிறோம். சபையில் என்னைச் சாட்சி சொல்லக் கூப்பிட்டால் பாஸ்டரம்மா முதலில் கடிகாரத்தைத்தான் பார்ப்பார், அவ்வளவு பேசுவேன். ஆனால் இந்த ஒன்றை மட்டும் இத்தனை மாதமாக வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

என் வீட்டுக்காரர் தேவதாஸ், லாரி செய்கிற ஒரு கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். சபையில் மூப்பர். நாலு வருடத்துக்கு முன்னால் மறதி ஆரம்பித்தது. முதலில் சாவியை மறந்தார். பிறகு ஆட்களின் பெயரை மறந்தார். பிறகு ரிட்டயர் ஆனதையே மறந்துவிட்டார். குளித்து, பேன்ட் சட்டை போட்டு, "பஸ் வந்துடும், டிபன் பாக்ஸ் எங்க?" என்று நிற்பார். முதலில் சிரித்தேன். வெறும் டப்பாவைக் கையில் கொடுத்து, தெருவை ஒரு சுற்று சுற்ற வைத்து, திரும்பக் கூட்டி வருவேன்.

போன வருடம் மழைக்காலத்தில் ஒரு விடியற்காலை கண் விழித்தால் கதவு திறந்து கிடக்கிறது. ஓடினேன். மெயின் ரோட்டுக்கு நடுவில் நிற்கிறார். இரண்டு பக்கமும் கன்டெய்னர் லாரிகள். ஒரு டிரைவர் இறங்கி வந்து, "யம்மா, பெரியவர வூட்ல பூட்டி வெய்யிம்மா. இன்னிக்கி என் கையில ஒரு உசுரு போயிருக்கும்" என்று என்னையே திட்டினான்.

அதே மாதம் எனக்கு வயிற்று வலி வந்தது. ஸ்கேன் எடுத்தார்கள். கர்ப்பப்பையில் கட்டி. "ஆபரேஷனத் தள்ளிப் போடாதீங்கம்மா. அது நல்ல கட்டியான்னு எடுத்துப் பாத்தாத்தான் தெரியும்" என்றார் டாக்டர். நான் கட்டியைப் பற்றி நினைக்கவே இல்லை. ஆஸ்பத்திரியில் நான் படுத்துவிட்டால் இவரை யார் பார்ப்பது? நான் எழுந்திருக்காமலே போய்விட்டால்? அந்த ஒரே கேள்விதான் என்னைத் தின்றது.

எங்களுக்கு ஒரே மகள் கிருபா. மஸ்கட்டில் இருக்கிறாள். அப்போது அவளுக்கு எட்டாவது மாதம், விமானம் ஏற முடியாது. போனில் அழுதாள். என் நாத்தனாரிடம் சொன்னேன். "இன்னா அண்ணி, எங்க அண்ணன ஹோம்ல தள்ளப் போறியா?" என்று கேட்டாள். "சரி, நீ வந்து பாத்துக்கோ" என்றேன். அதற்குப் பிறகு அவள் போனில் சிக்னல் கிடைக்கவே இல்லை.

அந்த வெள்ளிக்கிழமை உபவாசம் இருந்தேன். முழங்காலில் நிற்க முடியாமல் குப்புற விழுந்து அழுதேன். "ஆண்டவரே, இவருக்கு ஒரு அமைதியான இடம் காட்டுங்க. சத்தம், சண்டை, அலைச்சல் எதுவும் இல்லாத இடமா காட்டுங்க" என்று கேட்டேன். இதே வார்த்தைகளைத்தான் கேட்டேன்.

மறுவாரமே கிருபா ஒரு இடம் கண்டுபிடித்தாள். பெரியவர்களுக்கான குடியிருப்பு. தனியாக இருக்கிறவர்களுக்கு வீடு, முடியாதவர்களுக்கு அறை, படுத்த படுக்கையாகிவிட்டால் அங்கேயே நர்ஸ், கடைசி வரைக்கும் அங்கேயே பார்த்துக்கொள்வார்கள். போனில் படங்களைப் பார்த்ததும் ஜெபம் கேட்கப்பட்டது என்று நினைத்தேன். அங்கே மேனேஜராக இருந்த அம்மா போனிலேயே எல்லாம் விசாரித்தார். வெளியே ஓடுவாரா, ராத்திரி தூங்குவாரா, குரலை உயர்த்துவாரா என்று கேட்டார். நான் ஒளிக்காமல் சொன்னேன். "கவலையே படாதீங்க மேடம். ஒரு நாள் மதியச் சாப்பாட்டுக்குக் கூட்டிட்டு வாங்க. சாப்பாட்டுக்கு அப்புறம் பாருங்க, சார் எவ்ளோ அமைதியாயிடுறார்னு" என்றார்.

ஷேர் ஆட்டோவில் போய், கம்பெனிச் சுவர்களைத் தாண்டி, வீட்டு மனைக் கற்கள் நட்ட பொட்டல் வழியாக நடந்தோம். பெரிய கேட். உள்ளே புல்தரை, நீரூற்று, மல்லிகை வாசனை. கேட்டை எங்களுக்குப் பின்னால் பூட்டினார்கள். பூட்டுகிற சத்தம் கேட்டு இவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

உள்ளே சத்தமே இல்லை. டிவி ஓடிக்கொண்டிருந்தது, ஒலி இல்லாமல். நாற்காலிகளில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். யாரும் யாரோடும் பேசவில்லை. வந்தவர்கள் யார் என்று ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. நம் ஊரில் வயசானவர்கள் இருக்கிற இடத்தில் புது ஆள் போனால் என்ன ஊர், யார் பெண் என்று குடைந்து எடுத்துவிட மாட்டார்களா? எனக்கு உறுத்தியது. ஆனால் நான் கேட்டதே இதைத்தானே என்று மனசைத் தட்டி அடக்கினேன்.

நடைபாதையில் ஒரு அம்மா சக்கர நாற்காலியில் இருந்தார். நான் கடந்து போகும்போது என் சேலை முந்தானையைப் பிடித்தார். ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். நாக்கு தடித்துப்போய் வார்த்தை வரவில்லை. கண் மட்டும் என்னையே பார்த்தது. மேனேஜர் அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து விட்டு, "அவங்களுக்குப் பழக்கம் அது" என்று சிரித்தார்.

சாப்பிட உட்கார்ந்தோம். எல்லார் தட்டுக்குப் பக்கத்திலும் மூடி போட்ட டம்ளரில் மோர் வைத்தார்கள். என்னுடையதற்கு மட்டும் மூடி இல்லை. இவர் கண்ணை மூடி ஜெபிக்க ஆரம்பித்தார்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். என் வீட்டுக்காரர் ஜெபிக்காமல் ஒரு பருக்கை வாயில் வைக்க மாட்டார். மறதி வந்த பிறகு அந்த ஜெபம் முடிவதே இல்லை. ஆகாரத்துக்கு நன்றி சொல்லி, மகளுக்கு, பாஸ்டருக்கு, கூட வேலை செய்கிறவர்களுக்கு என்று போய், ஆமென் சொல்ல வேண்டிய இடத்தில் ஆரம்பித்ததை மறந்துவிட்டு மறுபடியும் ஆகாரத்துக்கு நன்றி சொல்லுவார். சாம்பார் ஆறி ஆடை கட்டிவிடும். இந்தச் சுற்று ஜெபத்தை மட்டுமாவது நிறுத்துங்கள் ஆண்டவரே என்று நான் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன்.

அன்றைக்கும் அப்படித்தான் சுற்றினார். பணிப்பெண் இரண்டு முறை வந்து, "அய்யா, மொதல்ல மோர் குடிங்க" என்றாள். இவர் கண்ணைத் திறக்கவில்லை. எனக்குச் சர்க்கரை வியாதி, தாகம் தாங்காது. என் மோர் தீர்ந்துவிட்டது. பழகின கை, இவர் டம்ளரை எடுத்து மூடியைத் திறந்து மடமடவென்று குடித்துவிட்டேன். அடியில் ஒரு கசப்பு.

"ஐயோ, அது அய்யாவுக்கு வெச்சதும்மா!" என்று அந்தப் பெண் கத்தினாள். முகம் வெளுத்துவிட்டது.

மேனேஜர் அவளை ஒரு பார்வை பார்த்தார். "பரவால்ல, வுடு" என்றார். பிறகு என்னிடம் திரும்பி, "சாரை இன்னிக்கே விட்டுட்டுப் போங்களேன் மேடம். துணிமணிய நாளைக்குக் கொண்டு வாங்க" என்றார். சுற்றிலும் பார்த்தேன். சாப்பிட்டு முடித்தவர்கள் அதே நாற்காலியில் தலை சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் கையில் இன்னும் சோறு இருந்தது.

மாத்திரை வீட்டில் இருக்கிறது, திங்கட்கிழமை வருகிறோம் என்று ஏதோ உளறி, இவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கிளம்பினேன். கேட்டைத் திறக்க அவர்கள் எடுத்துக்கொண்ட நேரம் எனக்கு ஒரு யுகம்.

ஷேர் ஆட்டோவில் ஏறின பிறகு கால் மரத்தது. இமை கீழே இழுத்தது. அப்போதுதான் புரிந்தது. நான் தூங்கிவிட்டால், தன் வீட்டு வழி தெரியாத மனுஷன், இந்த லாரி ரோட்டில், என் உடம்பை வைத்துக்கொண்டு என்ன செய்வார்? வாய் எழவில்லை. "இயேசப்பா, இவரை வுட்டுடாதீங்க" என்று மனசுக்குள் சொன்னேன். அவ்வளவுதான் எனக்கு நினைவு.

மீதியை முருகன் சொல்லித்தான் தெரியும். முருகன் இவருக்குக் கீழே வேலை கற்றுக்கொண்ட பிள்ளை. இப்போது அதே கம்பெனியில் அவனே ஒரு லைனுக்குச் சூப்பர்வைசர். அன்றைக்குச் செகண்ட் ஷிப்டுக்குக் கம்பெனி பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தான். ஒரகடம் கூட்டு ரோட்டு நிறுத்தத்தில் பஸ் நின்றது. அங்கே இவர் என்னைத் தோளில் சாய்த்துக்கொண்டு, ஆட்களை வரிசையில் நிற்கச் சொல்லி அதட்டிக்கொண்டிருந்தாராம். வருடக்கணக்காக பஸ் ஏறின அதே நிறுத்தம். ஆட்டோ அங்கே நின்றதும், வேலைக்குப் போகிற நினைப்பில் என்னையும் இறக்கிக்கொண்டு இறங்கிவிட்டார்.

"இன்னா அண்ணே, இங்க நிக்கிற? அண்ணிக்கு இன்னா ஆச்சு?"

"தூங்கிக்கினு கீறா. ஏத்துடா முருகா, லேட்டாவுது" என்றாராம் இவர். சொந்தத் தங்கச்சி பெயரை மறந்தவருக்கு முருகன் பெயர் வந்தது.

பஸ்ஸையே ஆஸ்பத்திரிக்குத் திருப்பினார்கள். நான் கண் விழித்தபோது நெற்றி நிறையத் திருநீறோடு முருகன் நிற்கிறான். இவர் என் காலடியில் உட்கார்ந்திருக்கிறார். "தூக்க மருந்து எதுனா எடுத்தீங்களாம்மா? உங்களுக்கு இருக்கிற சர்க்கரைக்கு இன்னும் கொஞ்சம் போயிருந்தா கஷ்டம்" என்றார் டாக்டர். நான் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதேன். அந்த ஜெபம் மட்டும் ஒழுங்காக முடிந்திருந்தால், அந்த மோர் இவர் வயிற்றுக்குள் போயிருக்கும். இவர் அமைதியாகத் தூங்கியிருப்பார். நானும் ஸ்தோத்திரம் சொல்லிவிட்டு, கேட்டுக்கு வெளியே நடந்து போயிருப்பேன்.

பாஸ்டரும் முருகனும் என்னோடு வந்தார்கள். புகார் கொடுத்தோம். அதிகாரிகள் போய்ப் பார்த்தார்கள். வெளிநாட்டிலிருந்து சில பிள்ளைகள் பதறி ஓடி வந்து பெற்றவர்களைக் கூட்டிப் போனார்கள். ஆனால் அந்த கேட் இன்னும் இருக்கிறது; வேறு பெயரில் பலகை மாட்டியிருக்கிறார்கள் என்று கேள்வி. என் முந்தானையைப் பிடித்த அம்மாவைப் பற்றி எல்லாரிடமும் விசாரித்தேன். யாருக்கும் தெரியவில்லை. அவர் பெயரைக்கூட நான் கேட்காமல் வந்துவிட்டேன். உங்கள் ஜெபத்தில் அவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

முருகனின் அம்மா பிள்ளைப்பாக்கம் பக்கத்தில் வேறொரு இல்லத்தில் இருக்கிறார். "எப்ப வேணா போங்க அண்ணி, சொல்லிட்டுப் போவாதீங்க" என்றான். சொல்லாமல் போனேன். காலையில் போனேன், மாலையில் போனேன், மழையில் போனேன். ஒவ்வொரு முறையும் ஒரே இரைச்சல். சீரியலா செய்தியா என்று ரிமோட்டுக்குச் சண்டை. உப்பு போதவில்லை என்று ஒரு தாத்தா சமையல்காரரை விரட்டுகிறார். நான் நுழைந்ததும், "யாரு நீ? யார் வூட்டுப் பொண்ணு?" என்று நாலு பேர் பிடித்துக்கொண்டார்கள். என்ன மருந்து, எதற்கு, யார் எழுதிக் கொடுத்தது என்று நர்ஸ் நான் கேட்பதற்கு முன்பே சொன்னாள். சமையலறைக்குள் போகலாமா என்றேன். "போங்க, அப்டியே அந்தப் பூண்டையும் உரிச்சுக் குடுங்க" என்றார்கள். அங்கேயே நின்று ஸ்தோத்திரம் சொன்னேன்.

இவரை அங்கே விட்டுவிட்டு ஆபரேஷனுக்குப் போனேன். கட்டியை எடுத்தார்கள். பரிசோதனை முடிவு வரும் வரை தினமும் செத்துச் செத்துப் பிழைத்தேன். நல்ல கட்டிதான். கிருபாவுக்கும் அதே மாதத்தில் சுகப்பிரசவம்.

உடம்பு தேறி, இனி நானும் இவரோடு அங்கேயே இருந்துவிடுவது என்று முடிவு செய்து, பெட்டியோடு போனேன். ஹாலில் இவர் உட்கார்ந்திருந்தார். பக்கத்து நாற்காலியில் தன் துண்டைப் போட்டு வைத்திருந்தார். நான் போய் உட்காரப் பார்த்தேன். கையை நீட்டித் தடுத்தார்.

"ஆள் வருதும்மா. எங்க வூட்டுக்காரிக்கு எடம் புடிச்சு வெச்சிக்கீறேன். ஆஸ்பத்திரிக்குப் போயிருக்குது."

பக்கத்தில் இருந்த முருகனின் அம்மா, "டெய்லி இதே கூத்துதான். யாரையும் உக்கார வுட மாட்றாரு" என்றார்.

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. "அவங்க வர்ற வரைக்கும் நான் உக்காந்துக்கட்டுமா?" என்று கேட்டேன். என்னை மேலும் கீழும் பார்த்தார். கொஞ்சம் யோசித்தார். துண்டை எடுத்து நாற்காலியைத் துடைத்துவிட்டு, "உக்காரும்மா. வந்தா எழுந்துக்கணும்" என்றார். உட்கார்ந்தேன்.

அன்பானவர்களே, உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு முடிவு எடுக்க வேண்டிய வேளை வந்திருக்கலாம். பயப்படாதீர்கள். கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே ஜெபியுங்கள். நான் கேட்ட இடத்தை ஆண்டவர் எனக்குத் தரவில்லை. அதற்காகத்தான் தினமும் அவருக்கு நன்றி சொல்கிறேன்.