வாலில் ஒட்டிய இரண்டு

குமரகுருபரனுக்குப் பயம் கூடப்பிறந்தது. கதவைப் பூட்டிவிட்டு நாலு எட்டு நடப்பான்; திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பான். அப்படிப்பட்டவன் கையில்தான் ஊர்ப் பெண்பிள்ளைகள் படத்தையெல்லாம் கொடுத்தார்கள், கேளுங்கள்!

1999இல் ரயில்வே ஜங்ஷன் பக்கம் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் அவனுக்கு வேலை. சைவ சங்கத்துக்காக இன்டர்நெட்டில் வரன் பார்க்கிற பக்கம் ஒன்றை அமைத்திருந்தான். சங்கத் தலைவர் அம்மையப்பன் கல்லிடைக்குறிச்சிக்காரர். கோபம் வந்தால் மனுஷனாக இருக்க மாட்டார்.

"ஏலே, மாப்பிள்ளை படம் தெரியட்டும். பொம்பளப்பிள்ளை படம் ஒண்ணுகூட வெளிய தெரியக்கூடாது. நாம விசாரிச்ச குடும்பத்துக்கு மட்டுந்தான் காட்டணும். எம்மவ சங்கரி படமும் அதுல கிடக்கு, பாத்துக்கோ!"

குமரன் ஒரு வழி செய்தான். பெண்களின் படக் கோப்புகள் எல்லாம் 'பெண்.ஜேபிஜி' என்று முடியும்படி பெயர் வைத்தான். அப்படி முடிகிற படம் எதுவானாலும் பக்கம் அதை மறைத்து, அந்த இடத்தில் ஒரு கோலத்தைக் காட்டும். நாற்பது பெண்கள், நாற்பது கோலம். தினம் காலையில் எண்ணிப் பார்த்தான், பத்து நாள். அதன்பிறகு கொஞ்சம் அசந்துவிட்டான்.

ஒரு திங்கட்கிழமை சிங்கப்பூரிலிருந்து மின்னஞ்சல். 'சிரித்த முகமாக ஒரு பெண் படம் பார்த்தேன். ஜாதகம் கிடைக்குமா?'

குமரன் பதறிப்போய்ப் பக்கத்தைத் திறந்தால், கோலங்களுக்கு நடுவே சங்கரி சிரித்துக்கொண்டிருக்கிறாள்! முதல் படத்தில் கண் மூடியிருந்ததென்று அவள் வேறு படம் எடுத்துக் கொடுத்திருந்தாள். ஸ்டூடியோ எலியேசர் அதே பெயரின் வாலில் ஒரு 2 சேர்த்துவிட்டார். 'பெண்2.ஜேபிஜி'. முடிவு பொருந்தவில்லை, மறைக்கவும் இல்லை. குமரனும் பார்க்காமலே ஏற்றியிருக்கிறான். ஏற்றிப் பதினோரு நாள் ஆகியிருந்தது.

உடனே அந்த 2ஐ எடுத்தான். பிறர் சொல்லித் தலைவருக்குத் தெரிவதைவிடத் தானே சொல்லிவிடலாம் என்று கல்லிடைக்குறிச்சிக்குப் பஸ் ஏறினான். வீரவநல்லூர் தாண்டுவதற்குள் சட்டை தொப்பலாக நனைந்துவிட்டது.

தலைவர் பாபநாசம் கோயிலுக்குப் போயிருந்தார். கதவைத் திறந்தது சங்கரி. மென்று விழுங்கி அவளிடமே எல்லாவற்றையும் சொன்னான்.

"ஏன் அண்ணாச்சி, இதுக்கா இப்பிடி நடுங்குதிய?" என்றாள் அவள். "மூணு வருஷமா எம்படம் வீடு வீடாப் போயிட்டுத் திரும்பி வருது. இப்பதான் ஒருத்தன் தானாப் பாத்துக் கேட்டிருக்கான். அந்த லெட்டர் எங்க?"

"அழிச்சிட்டேம்மா."

"அழிச்சிட்டியளா?"

"யாரும் பாத்திரக்கூடாதேன்னு, அந்த நிமிஷமே..."

சங்கரி கதவைப் பிடித்தபடி நின்றாள். "பேராவது ஞாபகம் இருக்கா?"

குமரகுருபரன் யோசித்துப் பார்த்தான். பயத்தில் எழுதியவன் பெயரை வாசிக்கவே இல்லை.