மூச்சை அடக்கியவன்

யுத்தம் முடிந்த அடுத்த வருடம் எங்கள் கடற்கரையில் ஒரு சுழியோடும் நிலையம் திறந்தார்கள். வெள்ளைக்காரரைக் கடலுக்கடியில் கூட்டிப்போக ஊர் ஆட்கள் தேவையாம். நில்லாமல் இருநூறு மீற்றர் நீந்த வேண்டும், பத்து நிமிடம் மிதக்க வேண்டும். மட்டக்களப்பு வாவியில் வளர்ந்தவனுக்கு இதெல்லாம் ஒரு சோதனையா என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனேன். ஐம்பது மீற்றரில் நாக்குத் தள்ளிவிட்டது. சுனாமிக்கு ஒரு முகாம், யுத்தத்துக்கு ஒரு முகாம் என்று நிவாரண மாவைத் தின்று குந்தியிருந்த உடம்பு வேறென்ன செய்யும்?

மூன்று மாதம் தவணை கேட்டேன். கூலிக்கு அலைந்து அலுத்திருந்தேன்; அந்த வேலை எனக்கு வேண்டும். பீடியை விட்டேன். விடிய எழும்பி மணலில் ஓடினேன், பிறகு வாவியில் நீந்தினேன். முதல் கிழமையே காவலரணில் மறித்தார்கள். காரணமில்லாமல் ஓடுகிற தமிழனை அவர்கள் அதுவரை கண்டதில்லை. உடம்பைத் தேற்ற ஓடுகிறேன் என்றேன். சிப்பாய் என்னை மேலும் கீழும் பார்த்துச் சிரித்துவிட்டு அடையாள அட்டையைத் திருப்பித் தந்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஆரும் துரத்தாமலே ஓடப் பழகிட்டீங்க," என்றாள் மனைவி.

நீச்சலில் தேறினேன். பிறகு முதுகில் சிலிண்டரைக் கட்டிக் கடலில் இறக்கினார்கள். தெற்கிலிருந்து வந்த பயிற்றுநர் ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னார்: மூச்சைப் பிடிக்கக் கூடாது, பிடித்தபடி மேலே வந்தால் காற்று நுரையீரலைக் கிழித்துவிடும். தலை நீருக்குள் போனதும் என் நெஞ்சு தானாகப் பூட்டிக்கொண்டது. வாவியில் சுழியோடி மட்டி அள்ளியவர்கள் நாங்கள். அதிக நேரம் மூச்சை அடக்குகிறவன்தான் எங்களுக்குள் கெட்டிக்காரன். ஒன்பது தடவை இறங்கினேன், ஒன்பதிலும் அதேதான்.

சுனாமியன்று என்னைக் காப்பாற்றியதும் அந்தப் பழக்கம்தான். அலை மூடியதும் மூச்சை அடக்கினேன், தென்னையில் முட்டி மேலே வந்தேன். என் கையைப் பிடித்திருந்த எட்டு வயது மகள் வரவில்லை.

"உடம்பு நல்லம். ஆனா உங்களைக் கீழ விட ஏலாது," என்றார் பயிற்றுநர். கரையில் சிலிண்டர் தூக்கலாமாம்.

வீட்டுக்கு வந்து அவரைத் திட்டித் தீர்த்தேன். ஆறு வயதில் அப்பா தண்ணீருக்குள் அமுக்கிப் பழக்கிய மூச்சை இப்போது எப்படி மாற்றுவது என்று கத்தினேன். மனைவி சோற்றைப் போட்டபடி கேட்டுக்கொண்டிருந்தாள். அலை வந்த பிறகு அவள் மகளைப் பற்றி வாய் திறந்ததே இல்லை. அன்றைக்குத் திறந்தாள்.

"பிள்ளையும் கேட்டவள்தானே, தனக்கும் பழக்கச் சொல்லி. பொம்பிளைப் பிள்ளைக்கு என்னத்துக்கு எண்டு நீங்கதான் சொன்னீங்க."