லோக்கலில் மட்டும் எழுதியது

மலாய் நாட்டில், காஜா பெராங் என்ற பகுதியில் நான் வாடகைக்கு இருக்கும் வீட்டில், காலையில் பூஜை மணி அடித்து முடித்ததும் தேவி ஆன்ட்டி சாமியிடம் மலாயில் பேசுவார். நெற்றி நிறையத் திருநீறு, இடுப்பில் பாத்திக் சாரோங், தட்டில் கற்பூரம். பார்த்தால் விருதுநகரில் எங்கள் தெருக்காரர் என்றே தோன்றும். வாயைத் திறந்தால் தமிழ் கிடையாது. இவரைப் போன்ற கம்போங் செட்டிக்காரர்கள் எத்தனையோ தலைமுறைக்கு முன் நம் பக்கத்திலிருந்து வியாபாரத்துக்கு வந்து, இங்கேயே பெண் எடுத்துத் தங்கிவிட்டவர்கள். சாமியை விடவில்லை, மொழிதான் வழியில் எங்கோ கழன்றுவிட்டது. முதல் நாள் நான் வணக்கம் சொன்னபோது ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "சுடா மாக்கான்?" என்றார். சாப்பிட்டாயா என்று கேட்கிறார் என்பது எனக்குப் புரிய இரண்டு நாள் ஆனது. புரியாமலேயே 'இல்லை, இல்லை' என்று தலையாட்டி அந்த இரண்டு நாளும் வேளைக்கு இரண்டு தடவை சாப்பிட்டேன்.

அம்மாவிடம் வேறு கதை சொல்லியிருந்தேன். "ஒருத்தனா இருக்கறதா இருந்தா போகவே வேணாம், தனியா இருக்கன்னு தெரிஞ்ச அன்னைக்கே திரும்பி வந்துடணும்" என்று விமான நிலைய வாசலில் வைத்துச் சத்தியம் வாங்கியவர் அவர். அதனால் கம்பெனி வீட்டில் நான்கு தமிழ்ப் பையன்களோடு இருப்பதாகச் சொன்னேன். ஒவ்வொருவனுக்கும் பெயர் வைத்து, ஒருவனுக்குக் குறட்டையும் வைத்தேன். உண்மையில் ஜாலான் பெண்டஹாரா என்ற தெருவில் ஒரு துணிக்கடை மாடியில் எங்கள் ஆபீஸ். கடைகளுக்கு வெப்சைட் செய்கிறோம். ஐந்து மணிக்கு எல்லாரும் புக்கிட் காதிலில் உள்ள தங்கள் குடும்பத்துக்குப் போய்விடுவார்கள். அவர்களோடு என் தமிழும் போய்விடும்.

மிச்ச நேரத்துக்கு எனக்கு லேப்டாப். பழசு, பாவம். ஆபீஸில் எல்லாரும் பயன்படுத்தும் கனமான மென்பொருளை ஏற்றினால் உள்ளே மின்விசிறி மாவு மில் மாதிரி இரையும். அதனால் எளிய வழி ஒன்றைப் பிடித்துக்கொண்டேன். ஒரு ஃபோல்டர், ஒரே ஒரு கட்டளை. அவ்வளவுதான், பிரௌசரில் தளம் எழுந்து நிற்கும். இன்டர்நெட் வேண்டாம். படக்குறிப்பு, கட்டுரை எல்லாம் ஒரே கோப்புக்குள் அடங்கிவிடும். இதை நாங்கள் லோக்கல் என்போம். உடைக்கலாம், கட்டலாம், அசிங்கமாக வைக்கலாம். நம்மைத் தவிர ஒருவர் கண்ணிலும் படாது. இதன் அருமையை நாள் முழுக்கச் சொல்வேன், கேட்கத்தான் ஆளில்லை.

ஆன்ட்டியிடம் அவர் அப்பாவின் ஆல்பம் ஒன்று இருந்தது. இந்த நாட்டுக்குச் சுதந்திரம் வந்த காலத்துப் படங்கள்: கோயில் வாசல், கல்யாணம், புதுக் கொடியைப் பிடித்துக்கொண்டு அப்பா. அதை ஒரு தளமாக்கித் தருகிறேன் என்றேன். குறிப்புகள் மலாயிலும் தமிழிலும் வேண்டும் என்றார். ஒரு எழுத்துகூடப் படிக்கத் தெரியாதவர், தமிழ் கட்டாயம் வேண்டும் என்றார்! தமிழை ஏற்றினால் 'கொ'வின் கொம்பும் காலும் எழுத்தை விட்டுத் தனித்தனியே போய் நின்றன. சோதிக்க நிறையத் தமிழ் தேவைப்பட்டது. கைக்கு வந்ததை அடித்தேன். கைக்கு வந்ததெல்லாம் அம்மாவுக்கு எழுதுவதாகத்தான் வந்தது. 'அம்மா, இன்னைக்கு மூணு மணி நேரம் யார்கிட்டயும் பேசல.' 'அம்மா, அந்த நாலு பேரும் பொய்.' ஒவ்வொரு படத்தின் கீழும் ஒன்று. கடைசியில் எழுத்து அழகாக வந்தது.

ஒரு சனிக்கிழமை மதியம் தளத்தை லைவ் ஆக்கினேன். ஃபோல்டரை அப்படியே தூக்கி இன்டர்நெட்டில் ஏற்றினேன். எளிய வழியின் சுகமே அதுதானே. சோதனைக்கு அடித்த வரிகள் கிடந்த அந்த ஒற்றைக் கோப்பும் கூடவே போனது. பெருமையாக வீட்டு வாட்ஸ்அப் குழுவில் இணைப்பையும் நானே போட்டேன்.

பத்து நிமிடத்தில் அம்மா அழைத்தார்.

"நாலு பேரும் இருக்காங்களாடா?"

"ம்... இருக்காங்கம்மா."

"குறட்டை விடறவன்ட்ட குடு. பேசணும்."

போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்தேன். "கெளம்பி வந்துடு. சத்தியம் பண்ணியிருக்க" என்றார் அம்மா. அவர் அழுவது கேட்டது. சமையலறையிலிருந்து வந்த ஆன்ட்டி என் முகத்தைப் பார்த்தார். "மாக்?" என்றார். அம்மாவா என்று கேட்கிறார். தலையாட்டினேன். போனை வாங்கிக்கொண்டார்.

"டியா மாக்கான்! ஹாரி-ஹாரி மாக்கான்!" என்று கத்தினார். இவன் சாப்பிடுகிறான், தினமும் சாப்பிடுகிறான்.

அந்தப் பக்கம் அம்மா, "அவனுக்குக் கத்திரிக்கா சேராதுங்க. உடம்பெல்லாம் அரிக்கும்" என்றார்.

"யா, யா," என்றார் ஆன்ட்டி, எல்லாம் புரிந்தவர்போல. அப்படியே ஐந்து நிமிடம் பேசினார்கள்.

போன் என்னிடம் திரும்பியபோது அம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார். "என்னடா சொல்றாங்க அந்தம்மா?"

"நான் சாப்பிடறேன்னு."

"சரி. வருஷம் முடியட்டும். முடிஞ்ச அன்னைக்கு வந்துடணும்."

மறுநாள் ஆன்ட்டி பிரியமாகக் கத்திரிக்காயை மிளகாய் விழுதில் வதக்கிச் சம்பால் வைத்தார். சாப்பிட்டேன். அரித்தது.

தளத்திலிருந்து தமிழை மொத்தமாக அழித்தேன். அன்று மாலையே ஆன்ட்டி சண்டைக்கு வந்துவிட்டார்: எங்கள் எழுத்து எங்கே? உட்கார்ந்து ஒழுங்கான குறிப்புகள் எழுதினேன். கோயில் படத்தின் கீழ் மட்டும் பழைய வரி ஒன்றைத் திரும்பப் போட்டேன்: 'அம்மா, சாப்பிட்டேன்.' என்ன எழுதியிருக்கிறது என்று ஆன்ட்டி கேட்டார். "சுடா மாக்கான்," என்றேன். சாப்பிட்டாச்சு என்பதற்கும் மலாயில் அதேதான். விழுந்து விழுந்து சிரித்தார். ஆனால் எடுக்கச் சொல்லவில்லை. அம்மா தினமும் காலையில் அந்தப் பக்கத்தைத் திறக்கிறாராம், தங்கை சொன்னாள்.

என் லேப்டாப்பில் பழைய பிரதி இன்னும் இருக்கிறது. லைவில், கொடி பிடித்த ஆன்ட்டி அப்பாவின் படத்துக்குக் கீழே அவர் பெயரும் ஊரும் மாறாமல் நிற்கின்றன. லோக்கலில் அதே படத்தின் கீழே, 'வந்துடறேன்மா' என்று காலையில் எழுதுகிறேன். ஆன்ட்டி கூப்பிட, நான் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்ததும் அதை அழித்துவிட்டு, 'இன்னும் ஒரு வருஷம்' என்று எழுதுகிறேன். இரண்டில் எதையும் இதுவரை ஏற்றவில்லை.