கூறைச்சேலையோட கம்ப்யூட்டர் வாங்கப் போனோம்

கம்ப்யூட்டர் வாங்கப் போறவங்க யாராவது கல்யாணச் சேலையை மடிச்சுப் பையில வச்சிக்கிட்டுப் போவாங்களா? நான் போனேன். கண்டியில எங்க மஹய்யாவப் பக்கம் இன்னைக்கும் அதைச் சொல்லிச் சிரிக்கிறவங்க இருக்காங்க. சிரிக்கட்டும், எனக்கொன்னும் வெக்கமில்லை.

என் வீட்டுக்காரர் கல்யாண வீட்டுப் போட்டோகிராபர். படம் எடுக்கிறதோட அவர் வேலை முடிஞ்சிரும். அதைத் திருத்தி அல்பமாக்கித் தர்றது கண்டி டவுன்ல ஒரு ஸ்டூடியோ. அங்க இருந்த ஆள் பொண்ணு முகத்தை வெளுப்பாக்குறேன்னு மொத்தப் படத்தையும் வெளுத்து விட்டுருவான். அப்படி ஒரு தடவை அரக்குக் கலர் கூறைச்சேலை செங்கல் கலர்ல வந்து நின்னுச்சு. பொண்ணோட அம்மா அல்பத்தைத் தூக்கிக்கிட்டு நேரா எங்க வீட்டு வாசலுக்கே வந்துட்டாங்க. "கொழும்பு வரைக்கும் போய், கடை கடையா ஏறி இறங்கி எடுத்த சேலைங்க இது. எம் புள்ள என்ன, செங்கல் சூளையிலயா கல்யாணம் பண்ணுச்சு?"ன்னு கேட்டாங்க. அவங்க கேட்டது நியாயம்தான். நம்ம சனத்துக்கிட்ட பொண்ணோட மூக்கு கோணலா விழுந்தாக்கூட மன்னிப்பு உண்டு. கூறைச்சேலை கலர் மாறுனா கிடையாது.

அன்னைக்கு இவர் சோத்துல கை வைக்கலை. கட்டார்ல இருந்த இவரோட அண்ணன் ரொம்ப நாளாக் கூப்பிட்டுக்கிட்டே இருந்தாரு. "சண்டை நடக்கிற நாட்டுல கேமராவைத் தூக்கிக்கிட்டு ஏன்டா அலையிற? இங்க வா, பெரிய கடையில சாமான் அடுக்குற வேலை இருக்கு. மாசக் கடைசிக்குள்ள பதில் சொல்லு"ன்னு. அவர் சொன்னதுலயும் பொய் இல்லை. கையில கேமராவும் அடையாள அட்டையில தமிழ்ப் பேரும் இருந்தா, அந்தக் காலத்துல ஒரு கல்யாண வீட்டுக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள பையை எத்தனை தடவை கொட்டிக் காட்டணும்! ஊரடங்குன்னா கல்யாணமே தள்ளிப் போயிரும். இவர் பாஸ்போர்ட்டைத் தேடி எடுத்து அலுமாரி மேல வச்சிட்டாரு.

கல்யாணமாகி ரெண்டு வருஷம்கூட ஆகலை. இந்த மனுஷன் போகக்கூடாது, எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். ஆனா வாயைத் திறந்து சொல்லலை. போக ஆசைப்படுற ஆளைக் கட்டிப்போட்டவன்னு பேர் வாங்க மனசு வரலை. அதனால வேற மாதிரி பேசுனேன். "நான் சும்மாவா கம்ப்யூட்டர்ல படம் திருத்துற கோர்ஸ் படிச்சேன்? ஒரு கம்ப்யூட்டர் வாங்குவோம். அந்தம்மாவோட படங்களை நானே திருத்துறேன். அதுவும் சரியில்லைன்னு சொன்னாங்கன்னா, அப்புறம் உங்க இஷ்டம்." இவர் "சரி, பார்ப்போம்"னாரு.

எந்தக் கம்ப்யூட்டர் நல்லதுன்னு விசாரிச்சா ஆளாளுக்கு ஒரு நம்பர் சொன்னாங்க. எனக்கு அந்த நம்பரெல்லாம் எதுக்கு? கண்ணு பார்க்கிற கலரைத் திரையும் காட்டணும், அதுதானே முக்கியம். என்னோட கூறைச்சேலையும் அரக்குதான். பகல் வெளிச்சத்துல இவர் எடுத்த சேலைப் படம் ஒன்னைச் சீடியில போட்டு, சேலையையும் பையில வச்சிக்கிட்டேன். பிலிமத்தலாவையில ஒரு கடையில சாமானைப் போட்டுப் பார்த்து வாங்க விடுவாங்கன்னு கேள்விப்பட்டிருந்தோம்.

"உனக்கென்ன பைத்தியமா?"ன்னாரு.

"ஆமா, நடங்க"ன்னேன்.

பேராதனைப் பக்கம் ஆமிச் செக் பாயிண்ட்டுல பஸ்ஸை நிறுத்தி எல்லாரையும் இறக்குனாங்க. ஆம்பளைங்க ஒரு வரிசை, பொம்பளைங்க ஒரு வரிசை. என் பையைத் திறந்த ஆமிக்காரப் பொண்ணு சேலையை எடுத்து மடிப்பு மடிப்பாத் தடவிப் பார்த்துட்டு, "கல்யாணம் யாருக்கு?"ன்னு சிங்களத்துல கேட்டா. கம்ப்யூட்டரைச் சோதிக்கச் சேலை கொண்டு போறேன்னு சொன்னா யார் நம்புவாங்க? ரெண்டு பேரையும் ஓரமா உட்கார வச்சிருவாங்க. "எனக்குத்தான்"னு சொல்லிட்டேன். நல்ல வேளை, தாலி சட்டைக்குள்ள இருந்துச்சு. "மாப்பிள்ளை?"ன்னா. அடுத்த வரிசையில அடையாள அட்டையோட முழிச்சிக்கிட்டு நின்னவரைக் காட்டுனேன். அவ தலையில இருந்து கால் வரைக்கும் பார்த்துட்டு, "ம்ம், பரவாயில்லை"ன்னா. பஸ்ஸுல ஏறி இதைச் சொன்னதும், கடை வர்ற வரைக்கும் மாப்பிள்ளை மூஞ்சியைத் தூக்கி வச்சிக்கிட்டுத்தான் வந்தாரு.

கடைக்காரர் அலவத்துகொடப் பக்கத்து முஸ்லிம் அண்ணன், அவங்க பேச்சுல சொன்னா நானா. நான் சேலையை வெளியில எடுத்ததும், "தங்கச்சி, உடுப்புக் கடை அடுத்த பக்கம் ஈக்கி"ன்னாரு. விஷயத்தைச் சொன்னேன். மனுஷன் சிரிக்கலை, உடனே சீடியை வாங்கி, தட்டையான புதுத் திரை ஒன்னுல போட்டுக் காட்டுனாரு. தட்டைத் திரை அப்பதான் வந்த புதுசு. இவருக்குப் பார்த்ததுமே அது மேல காதல். நான் சேலையைத் திரைக்குப் பக்கத்துல புடிச்சேன். நின்னுக்கிட்டிருந்த இவர், "என்ன நானா, வெளுத்துப்போய்த் தெரியுது?"ன்னாரு. கதிரையில சாய்ஞ்சிருந்த நானா, "கண்ணு தெரியல்லயா தம்பி? கறுப்பாத்தானே ஈக்கி"ன்னாரு. வெளுப்பு, கறுப்புன்னு ரெண்டு பேருக்கும் சண்டையே வந்துருச்சு. நான் குனிஞ்சு பார்த்தேன், நிமிர்ந்து பார்த்தேன். அடக் கடவுளே, ஆளோட உயரத்துக்கு ஏத்த மாதிரி கலர் மாறுது!

"இது வேணாம் நானா. நாளைக்கு நெட்டையா ஒரு மாமியார் வந்து பார்த்தா நான் என்ன பதில் சொல்றது?"ன்னு கேட்டேன்.

மூலையில, டி.வி. பெட்டி மாதிரி முதுகு பெருத்த பழைய மாடல் ஒன்னு விலை போகாம கிடந்துச்சு. அதைப் போடச் சொன்னேன். டியூப்லைட்டுல சேலையே மங்கலாத் தெரிஞ்சதால, வயரை இழுத்து மேசையோட வாசலுக்குத் தள்ளுனோம். பக்கத்துப் பேக்கரிச் சிங்களத்தம்மா கையைத் துடைச்சிக்கிட்டு ஓடி வந்தாங்க. த்ரீவீல்காரர் ஒருத்தரும் இறங்கி வந்தாரு. குனிஞ்சு பார்த்தாலும் அரக்கு, எட்டிப் பார்த்தாலும் அரக்கு. அந்தச் சிங்களத்தம்மா சேலையைத் தொட்டுப் பார்த்து, திரையையும் தொட்டுப் பார்த்து, சரின்னு தலையாட்டுனாங்க. பாட்டுக் கேட்க ரெண்டு ஸ்பீக்கர் சும்மா தர்றேன்னாரு நானா. "பாட்டு வேணாம் நானா, அதுக்குப் பதிலா மெமரியைக் கூட்டிப் போடுங்க. இல்லாட்டி ஒரு படம் திறக்கிறதுக்குள்ள பொண்ணு ரெண்டாவது புள்ளையப் பெத்துருவா"ன்னேன். "அல்லாஹ்வே! ஒங்களோட பேச ஏலா தங்கச்சி"ன்னு சொல்லிட்டு, மெமரியைக் கூட்டித்தான் தந்தாரு.

அந்தம்மாவோட படங்களை ஒவ்வொன்னாத் திருத்துனேன். முகத்துக்கு மட்டும் கொஞ்சம் வெளிச்சம் குடுத்தேன், சேலையைப் பழைய கலருக்குக் கொண்டு வந்தேன். அவங்க சேலை கையில இல்லை, என் சேலையைக் கதிரையில விரிச்சு வச்சிக்கிட்டுத்தான் வேலை நடந்துச்சு. மாசக் கடைசி நெருங்குனப்ப அவங்களை வரச் சொன்னோம். மகளோட சேலையைக் கையோட கொண்டு வந்திருந்தாங்க. அதைத் திரைக்குப் பக்கத்துல புடிச்சுப் பார்க்கிறாங்க, குனிஞ்சு பார்க்கிறாங்க, எட்டிப் பார்க்கிறாங்க. இவர் கதவுல சாய்ஞ்சு நின்னாரு. கடைசியா முந்தானையால கண்ணைத் துடைச்சிக்கிட்டு, "இதுதாங்க எம் புள்ளையோட சேலை"ன்னாங்க. "சின்னவளுக்கு வைகாசியில கல்யாணம் வச்சிருக்கோம். தம்பிதான் வந்து எடுக்கணும்."

அவங்களை அனுப்பிட்டுத் திரும்பிப் பார்த்தா இவரைக் காணோம். கட்டார் போக முடியலைன்னு மனசு ஒடைஞ்சு போயிட்டாரோன்னு எனக்குப் பதறுச்சு. தெருவுல இறங்கி ஓடுனேன். முக்குல, காசு குடுத்து வெளிநாட்டுக்குப் போன் பேசுற கொமியூனிகேஷன் கடையில ரிசீவரைப் புடிச்சிக்கிட்டுக் கத்திக்கிட்டு இருந்தாரு. "வரலைண்ணே! நான் வரலை! சேலைக் கலர் சரியா வந்துருச்சுண்ணே!"

"என்ன சேலைடா? குடிச்சிருக்கியா?"ன்னு கட்டார்ல இருந்து வந்த சத்தம் வாசல் வரைக்கும் கேட்டுச்சு.

ரிசீவரை வச்சிட்டுத் திரும்புனவர் என்னைப் பார்த்ததும் அப்படியே நின்னுட்டாரு. கண்ணு நிறைஞ்சிருந்துச்சு. "அந்தம்மா வேணாம்னு சொல்லியிருந்தா, நீ என்னைப் போகச் சொல்லிருவியோன்னு பயந்துக்கிட்டே இருந்தேன்"னாரு.

"அடப் பாவி மனுஷா! நீங்க போக ஆசைப்படுறீங்கன்னுல்ல நான் தூக்கமில்லாம கிடந்தேன்!"

போன் கடைக்காரர் காசு வாங்க நீட்டுன கையை அப்படியே மடக்கிக்கிட்டாரு. நான் அந்தக் கடைக்குள்ளயே நின்னு ஓன்னு அழுதேன்.