ஐஸ் பெட்டியோடு அணைக்கு அக்கரை

ஆபீசில் நான் விட்ட ஒரு பகடிதான் என்னைக் காரையார் அணைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது.

அணைக்கு அக்கரையில், கேரள எல்லையை ஒட்டிய காட்டுக்குள் ஒரு சிறு குடியிருப்பு. இருபது வீடு தேறாது. அங்கிருக்கும் ஐந்து பிள்ளைகளுக்குப் போலியோ சொட்டு மருந்து கொடுக்க வேண்டும். வழக்கமாகச் செவிலியரோடு போகிற உதவியாளருக்குக் காய்ச்சல். "அங்கன பிள்ளையளை விட யானைதான் ஜாஸ்தி. யானைக்கும் ரெண்டு சொட்டு ஊத்திட்டு வாங்கம்மா" என்றேன் நான். முப்பது வயதுகூட ஆகாத அந்தச் செவிலியர் பதிவேட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமலேயே சொன்னார்: "சரி அண்ணாச்சி. நான் சொட்டு விடுதேன், நீங்க வந்து யானை வாயத் திறந்து பிடிங்க."

எல்லோரும் சிரித்தார்கள். மேலதிகாரி மட்டும் சிரிக்காமல் என் பெயரை எழுதிக்கொண்டார்.

இருபத்தெட்டு வருடம் சுகாதாரத் துறையில் குமாஸ்தா வேலை பார்க்கிறேன். வண்ணார்பேட்டையில் வீடு, மேஜை ஓரத்தில் மின்விசிறி, பதினோரு மணிக்கு டீ. வெளியூர்ப் பயணம் என்றால் எனக்கு அம்பாசமுத்திரத்தில் கல்யாணவீடு. நீச்சல் தெரியாது. தாமிரபரணிக் கரையில் பிறந்து வளர்ந்தவனுக்கு நீச்சல் தெரியாது என்பதை இத்தனை காலம் யாருக்கும் தெரியாமல் காப்பாற்றி வந்ததே என் வாழ்நாள் சாதனை.

அன்று காலை முதல் பஸ்ஸில் அம்பாசமுத்திரம். அங்கே மருந்துப் பெட்டியை என் கையில் கொடுத்தார்கள். நீல நிறத்தில், சாப்பாட்டுத் தூக்கு கனத்தில் ஒரு பிளாஸ்டிக் பெட்டி. உள்ளே நாலு பக்கமும் ஐஸ், நடுவில் சுண்டுவிரல் உயரத்துக்கு மருந்துக் குப்பி. ஜீப்பில் மலையேறும்போது செவிலியர் குப்பியின் லேபிளைக் காட்டி விளக்கினார். கருநீல வட்டம், அதற்குள் வெள்ளைச் சதுரம். மருந்துக்குச் சூடு ஏற ஏறச் சதுரம் கறுக்கும். வட்டமும் சதுரமும் ஒரே நிறமாகிவிட்டால் மருந்தைக் கொடுக்கக் கூடாது, திரும்பி வரவேண்டியதுதான். அந்தக் குடியிருப்பில் இன்னும் இரண்டு நாளில் பாதிப் பேர் தேன் எடுக்கப் பிள்ளைகளோடு உள்காட்டுக்குப் போய்விடுவார்கள். இன்று விட்டால் அவர்களைப் பிடிக்க முடியாது.

இதை அவர் என்னிடம் சொல்லியிருக்கவே கூடாது.

படகில் ஏறினோம். படகுக்காரர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நான் உட்கார்ந்ததும் படகு ஒரு பக்கம் சாய்ந்தது. "நடுவுல பைய உக்காரும் வே. முதலைக்கு நீரு ஒருத்தர் போதும், எங்களையும் சேத்து இழுத்துப் போட்டுராதீரும்" என்றார்.

"இதுல முதலை கெடக்கா?"

"கெடக்கு. ஆனா ஆபீஸ் ஆளுன்னா கடிக்காது. செரிக்காதுல்ல."

நடு அணையில் மோட்டார் நின்றது. கயிற்றை இழுத்தார், இருமியது. மறுபடி இழுத்தார், அதுவும் இல்லை. சுற்றிலும் தண்ணீர், மேலே வெயில். என் மனம் உடனே என்னை விட்டுவிட்டு மருந்துக்குத் தாவியது. நான் முங்கிச் செத்தால் வீட்டார் அழுவார்கள், அது ஒரு நாள் காரியம். மருந்து கெட்டால் விளக்கம் எழுத வேண்டும். பெட்டியைத் திறந்து பார்த்தேன். சதுரம் வெள்ளையாகத்தான் இருந்தது. மூடினேன். இப்போது எப்படி இருக்கிறதோ என்று திறந்தேன். லேசாக மங்கின மாதிரி ஒரு சந்தேகம். நிழலில் பிடித்துப் பார்த்தேன், வெயிலில் பிடித்துப் பார்த்தேன். ஏழாவது தடவையோ எட்டாவது தடவையோ செவிலியர் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"அண்ணாச்சி, என்ன பண்ணுதீங்க?"

"கெட்டுப்போச்சான்னு பாக்குதேன்மா."

"நீங்க பாக்கப் பாக்கத்தான் அது கெடும். ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் உள்ள குளிரு வெளிய போவுது, வெளிய வெயிலு உள்ள போவுது."

கையை மடியில் வைத்துக்கொண்டேன். அது அங்கே இருக்கவில்லை. மூடியின் ஓரத்தைத் தடவியது, கொக்கியைச் சுண்டியது. செவிலியர் ஒரு நிமிடம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு படகின் அடியில் கிடந்த துடுப்பை எடுத்து என் இரண்டு கையிலும் திணித்தார். பெட்டியைத் தன் மடியில் வைத்துக் குடையை விரித்துக்கொண்டார்.

"துழாவுங்க."

"எனக்குத் தெரியாதும்மா."

"தெரியாட்டா என்ன? கையி ரெண்டும் வேலையில இருக்கட்டும்."

துழாவினேன். முதலில் படகு தன்னைத்தானே சுற்றியது. "ஏ அண்ணாச்சி, கரைக்குப் போவணும் வே, ரதவீதி சுத்த நெல்லையப்பர் தேரு இழுக்க வரல" என்று படகுக்காரர் மறு துடுப்பை எடுத்தார். கொஞ்ச நேரத்தில் இரண்டு பேருக்கும் ஒரு கணக்கு ஒத்துவந்தது. உள்ளங்கை எரிந்தது, தோள்பட்டை கழன்றது. அக்கரைக்கு எவ்வளவு நேரம் ஆனதென்று தெரியாது. ஆனால் அத்தனை நேரமும் நான் பெட்டியைப் பார்க்கவில்லை, முதலையையும் நினைக்கவில்லை. பயம் எனக்குள்ளேதான் இருந்தது. அதற்குக் கை கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

கரையில் இறங்கினோம். படகுக்காரர் மோட்டாரைப் பிரித்துப் போட்டுவிட்டு, "மூணு மணிக்குள்ள வந்துருங்க. பொறவு காத்து எதுக்க அடிக்கும்" என்றார். ஒரு மணி நேரம் காட்டுப் பாதை. அட்டைகள் என் காலைத் தேர்ந்தெடுத்துக் கடித்தன. செவிலியர் காலில் ஒன்றுகூட இல்லை. பெட்டியை நான்தான் தூக்கி வந்தேன். திறக்கவில்லை.

குடியிருப்பில் ஐந்து பிள்ளைகளும் ஒரு கொட்டகையில் தயாராக இருந்தார்கள். செவிலியர் பெட்டியைத் திறந்து குப்பியை எடுத்துப் பார்த்துத் தலையசைத்தார். வாய்க்கு இரண்டு சொட்டு. இடது சுண்டுவிரலில் மைப் பேனாவால் நான் அடையாளம் போட்டேன். பட்டியலில் ஐந்து பெயர், ஐந்து சரிக்குறி. மணி பன்னிரண்டே கால். யானை ஒன்றும் வாயைத் திறக்க வரவில்லை. எனக்கே என்னைப் பாராட்டத் தோன்றியது.

அப்போது ஒரு பிள்ளையின் தாய் கேட்டாள்: "ஓடைக்கு அந்தப் பக்கம் தங்கச்சி இருக்கா. அவளுக்குக் கைப்பிள்ளை, ஏழு மாசம். அதுக்கு?"

செவிலியர் பட்டியலைப் பார்த்தார். அப்படி ஒரு பிள்ளை இல்லை.

"இங்க கேட்டா, அது கேரளாக்காரங்க பாத்துக்கிடுவாங்கங்காங்க. அவங்க கிட்ட கேட்டா, இது உங்க பக்கமாம். பிறந்ததுல இருந்து ஒரு சொட்டும் விடல" என்றாள் அக்காக்காரி.

அந்தப் பட்டியலைத் தட்டச்சு செய்தவன் நான். ஆபீசில் என் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் மாவட்ட வரைபடம் ஒன்று இருக்கிறது. அதில் எல்லைக்கோடு பேனாவால் இழுத்த மாதிரி தெளிவாக ஓடும். அந்தக் கோட்டுக்கு அப்பால் எதுவும் அச்சடித்திருக்காது, வெறும் வெள்ளை. இத்தனை வருடமும் அந்த வெள்ளையில் ஆளே இல்லை என்றுதான் நான் நம்பியிருந்தேன் போல.

"எவ்வளவு தூரம்?" என்று கேட்டேன்.

"போக முக்கா மணி நேரம்."

போய்த் திரும்பிப் படகைப் பிடித்தால் மூன்று மணி தாண்டிவிடும். எதிர்க்காற்றில் மோட்டார் இல்லாத படகு. செவிலியர் என்னைப் பார்த்தார். பட்டியலில் இல்லாத பிள்ளைக்காகப் போகச் சொல்லி அவர் என்னைக் கேட்க முடியாது. அது என் வாயிலிருந்துதான் வரவேண்டும்.

"பெட்டிய எடுங்கம்மா, போவோம்" என்றேன். "இல்ல, நானே எடுக்குதேன்."

அக்காக்காரி வழி காட்டிக்கொண்டு முன்னே நடந்தாள். ஓடையில் முழங்கால் அளவுதான் தண்ணீர். ஆனால் பாறை வழுக்கியது. பெட்டியைத் தலைமேல் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். விழுந்தால் பிடித்துக்கொள்ளக் கை இல்லை. அதனால் விழக் கூடாது என்று முடிவு செய்தேன். எல்லைக்கோடு எங்கே வந்தது, எப்போது தாண்டினோம் என்று தெரியவில்லை. இந்தப் பக்கம் இருந்த அதே ஈட்டி மரம், அதே அட்டை.

கைப்பிள்ளையின் தாய் வீட்டுக்கு வெளியே வந்து நின்றாள். எங்களை நம்பாத பார்வை. அக்காக்காரி ஏதோ சொன்னபிறகுதான் பிள்ளையை நீட்டினாள். செவிலியர் குப்பியை வெளியே எடுத்து முதலில் என் முகத்துக்கு நேரே பிடித்தார். சதுரம் கொஞ்சம் மங்கியிருந்தது, ஆனால் வட்டத்துக்கும் அதற்கும் வித்தியாசம் நன்றாகத் தெரிந்தது. நல்ல மருந்துதான். இரண்டு சொட்டு விழுந்ததும் பிள்ளை சப்புக்கொட்டி யோசித்தது, பிறகு காடு கேட்க அழுதது.

பட்டியலில் ஐந்தாவது பெயருக்குக் கீழே முழங்காலில் வைத்து ஒரு கோடு இழுத்தேன். கோணலாகப் போனது. ஆறு என்று எண் போட்டேன். பெயர், வயது, தாய் பெயர் எழுதினேன். ஊர் என்ற கட்டம் வந்ததும் அந்தத் தாயிடம் கேட்டேன். அவள் சொன்னதை அப்படியே எழுதினேன். அது எந்த மாநிலம் என்று கேட்கவில்லை.

"இனி எப்போ வருவீங்க?" என்றாள்.

ஆபீஸ் ஆள் இதற்குச் சொல்லும் பதில்கள் எனக்கு ஏழெட்டு தெரியும். எல்லாமே நானே எழுதிப் பழகியவை.

"அடுத்த தவணைக்கு வாரேன்" என்றேன். "நானே வாரேன்."

பக்கத்தில் செவிலியர் வாட்சைப் பார்த்தார். "அண்ணாச்சி, மணி ஒண்ணரை ஆகப்போவுது. காத்து ரொம்ப வலுக்கதுக்குள்ள போவணும். திரும்பவும் துழாவணும்ல, கையி எப்படி இருக்கு?"

உள்ளங்கையை விரித்துக் காட்டினேன். நாலு கொப்புளம், அதில் ஒன்று உடைந்திருந்தது. கர்ச்சீப்பை எடுத்து அதைச் சுற்றி இறுக்கிக் கட்டிக்கொண்டு, பல்லால் முடிச்சுப் போட்டபடியே ஓடையை நோக்கி நடந்தேன்.