துண்டுக்கடியில் சொன்ன விலை

போடி ஏலக்காய்த் தரகர் ஏசுதாசனை வாய் ஓயாத மனுஷர் என்றுதான் கடைத்தெருவில் சொல்வார்கள். காலையில் டீக்கடையில் ஆரம்பித்தால் மழை, தேர்தல், சபையில் பாட்டுக்காரர்கள் சுருதி விட்டது, சம்பந்தி வீட்டுச் சண்டை என்று மதியம் வரை ஓடும். ஆனால் தொழிலில் அவர் சுத்த ஊமை. அந்தக் காலத்தில் பெரிய பேரமெல்லாம் துண்டுக்கடியில்தான் நடக்கும். விற்பவர் கையும் வாங்குபவர் கையும் தரகரின் துண்டுக்குள் நுழையும். விரலைப் பிடித்தால் ஒரு தொகை, கணுவை அமுக்கினால் இன்னொரு தொகை. சுற்றிலும் கூட்டம் நின்றாலும் விலை அந்த மூவருக்கு மட்டுமே தெரியும். அதை வெளியே விட்ட தரகரிடம் அப்புறம் ஒருவரும் கை நீட்ட மாட்டார்கள்.

அவருடைய அப்பா ஞானசிகாமணி தேனியில் மளிகைக் கடை வைத்து நொடித்துப் போனவர். மகனுக்கு மிஞ்சியது திருச்சபை உறுப்பினர் என்ற மரியாதை ஒன்றுதான். அறுபதுகளின் தொடக்கத்தில் ஏசுதாசன் போடிக்கு வந்து மூட்டை தூக்கினார், காய் தரம் பிரித்தார், கடைசியில் தரகரானார். முதல் பேரத்தை அவரை நம்பிக் கொடுத்தவர் கம்பத்து முகைதீன். அதிலிருந்து பதினைந்து வருஷத்துக்கு மேல் முகைதீனின் காய் ஏசுதாசன் துண்டைத் தாண்டிப் போனதில்லை. ஒருவரையொருவர் 'மாப்ளே' என்றுதான் கூப்பிடுவார்கள். பெருநாள் பிரியாணி போடிக்கு வரும், கிறிஸ்துமஸ் முறுக்கு கம்பத்துக்குப் போகும்.

1982இல் மலைமேல் அணை வேலைக்கு வைத்திருந்த வெடிமருந்து களவு போனது. மறுநாள் முகைதீனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்த ஆளுடன் அவர் துணிக்கடியில் இரகசிய சமிக்ஞை பரிமாறினார் என்று யாரோ துப்புக் கொடுத்திருந்தான். கொழும்பில் கடை வைத்திருந்த அவருடைய சித்தப்பாவையும் காரணத்தில் சேர்த்துக்கொண்டார்கள். விசாரணையில் ஏசுதாசனையும் கூப்பிட்டு, அன்றைக்கு அவர் துண்டுக்கடியில் என்ன பேசினார்கள் என்று கேட்டார்கள். "ஏலக்காய் வெலைதாங்க" என்றார். போகச் சொல்லிவிட்டார்கள். அதே கேள்விக்கு முகைதீனும் வெலைதான் என்றார். என்ன விலை என்று கேட்டபோது, "அதச் சொல்லக் கூடாதுய்யா" என்றார். அந்தப் பதிலே அவருக்கு வினையாகிவிட்டது. அதே துண்டு, அதற்குள் மூன்று கை. பிடித்துப் போனது ஒரு கையை மட்டும். ஏன் என்று நான் விளக்க வேண்டியதில்லை. தேசியப் பாதுகாப்புச் சட்டத்தில் ஒரு வருஷம் வரை உள்ளே வைக்கலாம் என்றார்கள்.

நான் வடுகபட்டிக்காரன். அப்போது மதுரையில் சட்டம் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் கல்லூரியில் விரிவுரையாளர் சொர்ணலதா, நாட்டுப் பாதுகாப்புச் சட்ட ஆய்வு மையம் என்று ஒன்று நடத்தினார். பெயர்தான் நீளம், இடம் மாடிப்படிக்குப் பக்கத்தில், உடைந்த நாற்காலிகள் போட்டுவைக்கும் அறை. சீனப் போர்க் காலத்து விதிகளிலிருந்து யார் யார் எந்தச் சட்டத்தில் உள்ளே போனார்கள், என்ன காரணம் சொன்னார்கள் என்று தொகுப்பதும், குடும்பத்தாருக்கு மனு எழுதிக் கொடுப்பதும் எங்கள் வேலை. "நாட்டுக்குப் பாதுகாப்பு வேண்டாம்னு நான் சொல்லல. ஒரு ஆளைப் பூட்டி வைக்கக் காரணம் வேணும்னு சொல்றேன்" என்பார் டீச்சர். எனக்கு அதைக் கேட்கும்போதெல்லாம் ரத்தம் சூடாகும். இருபத்திரண்டு வயது.

முகைதீனின் மனைவி லத்திபா ஏசுதாசனைக் கூட்டிக்கொண்டு அங்கேதான் வந்தார். மூன்று பேர் கொண்ட ஆலோசனைக் குழு சென்னையில் கூடும் என்றும், அது காரணம் போதாது என்று சொன்னால் விட்டாக வேண்டும் என்றும் டீச்சர் விளக்கினார். குழுவின் முன்னால் வக்கீல் நிற்க உரிமை இல்லை. வக்கீல் அல்லாத நண்பர் ஒருவர் துணைக்குப் போகலாம். டீச்சர் வக்கீலாகப் பதிவு செய்திருந்ததால் அவரும் போக முடியாது.

"இந்த அண்ணனே போகட்டும். அவுகளுக்கு இவுகள விட்டா யாரு இருக்கா?" என்றார் லத்திபா.

"துண்டு வழக்கத்தச் சொன்னாப் பத்தாதா டீச்சரம்மா?" என்று ஏசுதாசன் கேட்டார்.

"பத்தாது அண்ணாச்சி. அன்னைக்கு என்ன பேசினீங்கன்னு கேப்பாங்க. அந்த விலையைச் சொல்லணும். அப்பத்தான் வாங்கின ஆளிடம் சரிபார்க்க முடியும்."

ஏசுதாசன் முகம் விழுந்துவிட்டது. முகைதீனிடம் கேட்காமல் முடியாது என்று சிறைக்குப் போனார். நானும் கூடப் போனேன். கம்பிக்கு அந்தப் பக்கம் முகைதீன் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். அவருக்கு இளைப்பு உண்டு. உள்ளே போனபின் படுக்கவே முடியவில்லையாம், உட்கார்ந்தபடிதான் தூக்கம். ஏசுதாசன் விஷயத்தைச் சொன்னதும் தலையை ஆட்டினார்.

"சொல்லாத மாப்ளே. வாங்குன ஆளுக்கு நான் வாக்குக் குடுத்திருக்கேன். ஒரு வருசந்தான, இருந்துட்டு வாரேன்."

"ஒரு வருசம் நீ இருப்பியா மாப்ளே இங்கன?"

"அது அல்லா பாடு."

சென்னைக்குப் போகும் பஸ்ஸில் ஏசுதாசன் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் பேசாமல் இருந்ததை அன்றுதான் முதலில் பார்த்தேன். எனக்குப் பயமாக இருந்தது.

என்னை உள்ளே விடவில்லை. வராந்தாவில் நின்றேன். நடந்ததைப் பிறகு அவரே சொன்னார். மேஜைமேல் துண்டை விரித்துக் காட்டினாராம். குழுத் தலைவருக்கு அந்த வழக்கம் பிடித்துப்போய், தன் கையையே உள்ளே விட்டுப் பார்த்தாராம். சிரித்தார்களாம். அப்புறம் இன்னொருவர், "வழக்கம் சரி. அன்றைக்கும் விலைதான் பேசினார்கள் என்று நாங்கள் எப்படி நம்புவது?" என்று கேட்டார். முகைதீனைப் பார்த்தார்கள். அவர் வாயைத் திறக்கவில்லை. ஏசுதாசனைப் பார்த்தார்கள்.

"மாப்ளே, வேணாம்" என்றார் முகைதீன், மூச்சுக்கு நடுவில்.

ஏசுதாசன் சொல்லிவிட்டார். ரூபாய், பைசாவோடு. அந்த விலை என்ன என்று என்னிடம் கடைசிவரை சொல்லவில்லை.

வாங்கிய மலையாளி வியாபாரியிடம் தனியாக விசாரித்தார்கள். அவரும் அதே விலையைச் சொன்னார். காரணம் போதாது என்று குழு எழுதியது. முகைதீன் வெளியே வந்தார். எங்கள் மையத்தில் அன்றைக்குப் பால்கோவா வாங்கிக் கொடுத்தார் டீச்சர். நான் இரண்டு பங்கு தின்றேன். ஜெயித்துவிட்டோம் என்றுதான் நினைத்தேன்.

குழுவில் பேசியது வெளியே வரவில்லை. போடியில் ஒருவருக்கும் எதுவும் தெரியாது. ஏசுதாசன் தொழில் வழக்கம்போல நடந்தது. முகைதீனும் நன்றி கெட்டவரல்ல. ஏசுதாசன் மகள் சாராள் கல்யாணத்துக்குக் குடும்பத்தோடு வந்து பந்தியில் நின்று பரிமாறினார். பிரியாணியும் வந்தது.

மறு வருஷம் காய் வரத்துக் காலத்தில் நான் போடிக்குப் போயிருந்தேன். முகைதீன் லாரியிலிருந்து இறங்கி நேராக ஏசுதாசனிடம்தான் வந்தார். ஏசுதாசன் எழுந்து துண்டை விரித்தார். முகைதீன் கை இடுப்பிலேயே இருந்தது.

"கிலோ என்ன வெலைக்குப் போகும் மாப்ளே?" என்று வாயால் கேட்டார்.

கடைத்தெருவே திரும்பிப் பார்த்தது. ஊர் பேர் தெரியாத ஆளிடம்கூட அங்கே யாரும் அப்படிக் கேட்பதில்லை. ஏசுதாசன் விரித்த துண்டை மெதுவாக எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, தானும் வாயாலேயே விலை சொன்னார். முகைதீன் சம்மதித்து மூட்டைகளை இறக்கச் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "உங்களால உசுரோட இருக்கார். இப்படியா பண்ணுவார்?" என்று கத்தினேன்.

"ஏலே, சத்தம் போடாத" என்றார் ஏசுதாசன். அவர் கண் கலங்கியிருந்தது. "அவன் எடத்துல நான் இருந்தாலும் கை குடுக்க மாட்டேன்."