மைக்கில் சொன்ன மூணு பவுன்

ஊரூர் குப்பத்தில் மீன் வெட்டிக் கொடுக்கும் மண்ணாங்கட்டிக்கு வயது ஐம்பத்திரண்டு. அவனுக்கு முன்னால் பிறந்த மூன்று பிள்ளைகள் தங்கவில்லை. நாலாவதாவது எமன் கண்ணில் படாமல் இருக்கட்டும் என்று அம்மா அப்படிப் பேர் வைத்தாள். எமன் ஏமாந்தான். ரேஷன் கடைக்காரர்தான் இன்றைக்கும் இரண்டு தடவை கேட்டு எழுதிக்கொள்கிறார்.

கல்யாணம் கட்டவில்லை. ஒரே தங்கச்சி சுலோச்சனா, அவள் பெண் நிலா, கட்டிலுக்கடியில் ஒரு டிரங்குப் பெட்டி. அவ்வளவுதான் அவன் குடும்பம். நிலா பிறந்த வருஷம் ஒரு வெள்ளிக் கிண்ணம் வாங்கிப் பெட்டியில் வைத்தான். அடுத்த தீபாவளிக்குக் குங்குமச் சிமிழ், அதற்கடுத்து காமாட்சி விளக்கு, அப்புறம் கொலுசு. காலையிலிருந்து வஞ்சிரமும் சங்கராவும் ஆய்ந்து, கையெல்லாம் செதில் மினுங்க வீட்டுக்கு வருவான். சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் பெட்டியைத் திறப்பான். பொண்ணு வயசுக்கு வந்தால் தாய்மாமன் சீரில் எல்லாம் வரிசையாகப் போக வேண்டும்.

வெள்ளி மட்டும் போதாது என்பதும் அவனுக்குத் தெரியும். தாய்மாமன் என்றால் கழுத்துக்குத் தங்கம் போட வேண்டும். எப்போது வாங்குவது என்பதில்தான் சிக்கல். பவுன் நாற்பதாயிரத்தில் இருந்தபோது முப்பத்தைந்துக்கு வரட்டும் என்றான். அறுபதுக்குப் போனபோது ஐம்பதுக்கு வரட்டும் என்றான். மைக் செட் வாடகைக்கு விடும் லாரன்ஸ், குப்பத்தில் ஒருத்தர் குரலையும் விட்டுவைக்காமல் பேசிக் காட்டுகிறவன், இதையும் விடவில்லை. மண்ணாங்கட்டி மாதிரியே கண்ணைப் பாதி மூடி, மூக்கால் பேசுவான்: “எறங்கும்பா. ஏறுனவன் ஒரு ஸ்டாப்பிங்ல எறங்கித்தான ஆவணும்.” மண்ணாங்கட்டியே சிரித்துவிடுவான்.

பவுன் லட்சத்தைத் தாண்டிய பிறகு அவன் விலை கேட்பதையே நிறுத்திவிட்டான். நிலா வயசுக்கு வந்ததும் அப்போதுதான்.

பெட்டியில் பதினோரு வெள்ளிச் சாமானும், போன தீபாவளிக்கு வாங்கிய வெள்ளிச் சங்கிலியும் இருந்தன. எல்லாவற்றையும் கடையில் போட்டால் ஒரு பவுன்கூடத் தேறாது. சீர்த்தட்டும் காலியாகிவிடும். ஒரு ராத்திரி முழுக்கப் புரண்டுவிட்டு, சங்கிலியை மட்டும் எடுத்துக்கொண்டு தி. நகருக்குப் பஸ் ஏறினான். ரங்கநாதன் தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில் தங்க முலாம் பூசுகிற ஜீஷான் சின்னப் பையன்தான், ஆனால் நேர்மையானவன். வியர்வை பட்டால் ஆறு மாதத்தில் வெளுத்துவிடும் என்றான். பிறகு சங்கிலியைக் காகிதத்தில் மடித்தபடியே, “வெள்ளில பூச்சுன்னு சொல்லிட்டுப் போடுங்கண்ணே. தப்பே இல்ல” என்றான். மண்ணாங்கட்டி தலையாட்டினான். சொல்லிவிடுவதாகத்தான் அப்போது நினைத்தான்.

சடங்கன்று மண்டபத்தில் சீர்த்தட்டுகள் வரிசையாக வந்தன. வெள்ளியை யாரும் பார்க்கவில்லை. எல்லார் கண்ணும் நடுத்தட்டில் இருந்த மஞ்சள் சங்கிலியின் மேல்தான். லாரன்ஸ் அதன் கனத்தைக் கண்ணாலேயே எடை போட்டுவிட்டு மைக்கைப் பிடித்தான்.

“தாய்மாமன் மண்ணாங்கட்டி அவர்கள்... மூணு பவுன் தங்கச் சங்கிலி!”

இல்லை என்று சொல்லத்தான் மண்ணாங்கட்டி நாற்காலியிலிருந்து கையைத் தூக்கினான். வணக்கம் வைக்கிறான் என்று நினைத்து யாரோ அந்தக் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். சுலோச்சனா மேடையில் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். தூக்கிய கை மடிக்கு வந்து சேர்ந்தது.

அதற்குப் பிறகு சொல்வதற்கு நேரமே வாய்க்கவில்லை என்று அவன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். தினமும் சாயங்காலம் தங்கச்சி வீட்டில்தான் டீ குடித்தான்.

மீன்பிடித் தடைக்காலம் வந்தது. அது முடிவதற்குள் தங்கச்சி வீட்டுப் படகு இன்ஜினைச் சரி பண்ண வேண்டும். சுலோச்சனா சங்கிலியை மஞ்சள் துணியில் முடிந்துகொண்டு வந்து நின்றாள். “ண்ணா, இன்ஜின் வேல முடியற வரிக்கும் இத பேங்க்ல வெக்கலாம்னு கீறேன். நீ போட்டது, உன்ன கேக்காம வெக்க மாட்டேன். கூட வா.”

அடையாறு பேங்கில் டோக்கன் வாங்கி உட்கார்ந்தார்கள். முன்னால் ஒன்பது பேர். ஒன்பது தடவை வாயைத் திறந்தான். ஒரு தடவை, வெயில் ஜாஸ்தி என்றான். இன்னொரு தடவை, தண்ணி குடிக்கிறியா என்று கேட்டான். லுங்கிக்குப் பதில் பேன்ட் போட்டு, கைக்கு எலுமிச்சை தேய்த்து வந்திருந்தும், நகக்கண்ணில் ஒரு செதில் ஒட்டியிருந்தது. அதைக் கிள்ளிக்கொண்டே இருந்தான்.

நகை பார்க்கிறவர் வயசானவர், ராமானுஜம் என்று மேசையில் பேர் எழுதியிருந்தது. தராசில் வைத்தார், முகம் சுருங்கியது. கல்லில் உரசி ஒரு சொட்டு ஆசிட் விட்டார். அப்புறம் கண்ணாடிக்கு மேலாகச் சுலோச்சனாவைப் பார்த்தார்.

“இது வெள்ளிம்மா. மேல பூச்சு. எங்க வாங்கினது?”

மண்ணாங்கட்டி நிமிர்ந்து உட்கார்ந்தான். இப்போதுகூடச் சொல்லலாம். சுலோச்சனா அண்ணன் பக்கம் திரும்பவே இல்லை.

“நான்தான் சார் வாங்கினேன். ரோட்ல ஒருத்தன் வித்தான்.”

அவர் நல்ல மனுஷர். அதனால் நிதானமாக, எல்லார் காதிலும் விழுகிற மாதிரி, புத்தி சொன்னார். பேராசைப்பட்டு இப்படி வாங்கலாமா, போலீசுக்குப் போனால் யார் பதில் சொல்வது என்றெல்லாம். சுலோச்சனா தலையைக் குனிந்து எல்லாவற்றுக்கும் “சரி சார்” போட்டாள். பக்கத்து நாற்காலியில் அண்ணன் செதிலைக் கிள்ளிக்கொண்டிருந்தான்.

வெளியே வந்து, பெசன்ட் நகர் வரைக்கும் அவள் முன்னால் நடந்தாள். பஸ் வந்தும் ஏறவில்லை. குப்பத்து முனையில் நின்று, திரும்பாமலே கேட்டாள்.

“வெள்ளின்னு சொல்லியிருந்தா போட்டுக்க மாட்டோம்னு நெனச்சியா?”

பதிலுக்குக் காத்திருக்காமல் வீட்டைப் பார்த்து நடந்தாள்.

கடைசியில் இன்ஜினுக்கு விற்றது சீர்த்தட்டு வெள்ளியைத்தான். கிண்ணம், சிமிழ், விளக்கு எல்லாம் போயிற்று. நிலாவின் காலில் கொலுசு மட்டும் மிச்சம். வெள்ளி விலையும் ஏறிக் கிடந்ததால் நல்ல பணம் வந்தது. தங்கம் எறங்கும் எறங்கும் என்று அவன் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த வருஷமெல்லாம், காலடியில் பெட்டிக்குள் வெள்ளி சத்தமில்லாமல் ஏறியிருக்கிறது.

மறுநாள் மீன் வெட்டும் பலகையைக் கழுவாமலே எழுந்து லாரன்ஸ் கடைக்குப் போனான். லாரன்ஸ் ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தான். அவனிடம் ஒன்றைச் சொன்னால் பொழுது சாய்வதற்குள் குப்பம் முழுக்க, அதுவும் சொன்னவன் குரலிலேயே, கேட்கும். மண்ணாங்கட்டிக்கு அது நன்றாகத் தெரியும்.

“நிலாக்கு போட்டது தங்கம் இல்ல, நைனா. வெள்ளி. முலாம் பூசிக்கினு வந்தேன். பேங்க்ல தெரிஞ்சிபோச்சு. சுலோ தன் தலைல போட்டுக்கினா. நான் கம்னு குந்திக்கினு இருந்தேன்.”

லாரன்ஸ் கண்ணைப் பாதி மூடவில்லை. மூக்கால் பேசவில்லை. ஒயர் கையில் அப்படியே நின்றது. அவனுடைய சொந்தக் குரலை மண்ணாங்கட்டி கேட்டே வெகுநாள் ஆகியிருந்தது.

“இத இன்னாத்துக்கு என்கிட்ட சொல்ற?”

“மூணு பவுன்னு நீதான மைக்ல சொன்ன. இதையும் நீயே சொல்லிடு.”

சொல்லிவிட்டு அவன் பலகைக்குத் திரும்பி வந்தான். ஒரு அம்மா சங்கராவோடு காத்திருந்தாள். யார் முகத்தையும் பார்க்காமல், செதில் தேய்க்க ஆரம்பித்தான்.